தேய்வதற்கென்றே செய்த பாகங்கள்

இந்த ஒரு வருடத்தில் புதிதாகத் தெரிந்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்துப்போனவை எல்லாம் இப்போது ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஃபேன் கண்டன்சர், மிக்ஸி கப்ளர், ஒரு ஜோடி கார்பன், குக்கர் கேஸ்கட், சேஃப்டி வால்வு, கீசருக்கான மெக்னீசியம் கம்பி, ஒரு பாக்கெட் சிட்ரிக் ஆசிட். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுச் சாமான்களை நானே கழற்றிப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை இவை.

கழற்றக் கழற்ற ஒன்று பிடிபட்டது. ஒரு பொருளை வடிவமைத்தவர், அதில் எது முதலில் தேயவேண்டும் என்பதையும் சேர்த்தே யோசித்து வைத்திருக்கிறார். அந்தப் பாகம் மலிவாக இருக்கும், கழற்றி மாட்ட வசதியான இடத்தில் இருக்கும். அது தேய்ந்து கொடுப்பதால்தான் விலைகூடிய பாகம் பிழைக்கிறது. இது தெரிந்த பிறகு, "மோட்டார் போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று யாராவது சொன்னால், முதலில் அந்தச் சின்னப் பாகத்தைத் தேடிப் பார்க்கிறேன். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறேன்: கீசருக்குள் இருக்கும் ஆனோட் கம்பி.

எங்கள் வீட்டில் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர். கீசரில் வெந்நீர் வரத் தாமதமாகிக்கொண்டே போனது. சூடேறும்போது உள்ளிருந்து கடகடவென்று சத்தம். காலையில் முதலில் வரும் தண்ணீரில் லேசான துருநிறம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். தண்ணீரைச் சூடாக்கும் காயில் மேல் உப்புப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போவது தாமதமாகும். அந்தப் படிவுக்கு அடியில் சிக்கும் தண்ணீர் கொதித்து நீராவிக் குமிழியாக வெடித்து வெளியேறுவதுதான் சத்தம். துருநிறம் என்றால் டேங்க் அரிக்கத் தொடங்கியிருக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சை இறக்கிவிட்டு, மல்டிமீட்டரால் ஒருமுறை சோதித்துக்கொள்ளவேண்டும். சுவரில் இருக்கும் கீசர் சுவிட்சை மட்டும் நம்பக்கூடாது. பழைய வயரிங்கில் சில வீடுகளில் நியூட்ரல் கம்பியில் சுவிட்ச் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும். அப்புறம் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, கீழ்மூடியைக் கழற்றினேன். வயர்கள் இருந்த நிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை உருவினால், வட்டமான தகடு ஒன்று போல்ட்டுகளோடு தெரியும். காயில், தெர்மோஸ்டாட் நுழையும் குழாய், ஆனோட் கம்பி மூன்றும் எங்கள் மாடலில் அந்த ஒரே தகட்டில்தான். போல்ட்டுகளைத் தளர்த்தியதும் மிச்சத் தண்ணீரோடு வெள்ளைச் சில்லுகள் பக்கெட்டில் கொட்டின. காயிலைச் சுற்றி விரல் தடிமனுக்கு உப்பு. ஆனோட் இருந்த இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும்தான் மிச்சம். அதைச் சுற்றி இருந்த மெக்னீசியம் முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

அந்தக் கம்பியின் வேலையே கரைவதுதான். தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இரண்டு உலோகங்கள் இருந்தால், எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் முதலில் கரையும், மற்றது தப்பிக்கும். இரும்பைவிட மெக்னீசியம் பல மடங்கு தாராளமாக விட்டுக்கொடுக்கும். வேதியியல் அட்டவணையில் இரும்பின் மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட், மெக்னீசியத்தினது மைனஸ் 2.37. மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும். இரும்பு டேங்கின் உட்பூச்சில் எங்கேயாவது மயிரிழை விரிசல் விழுந்தாலும், மெக்னீசியம் இருக்கும்வரை அந்த இடம் சட்டென்று துருப்பிடிக்காது. அது தீர்ந்த நாளிலிருந்து டேங்கின் முறை.

இந்த யோசனை எவ்வளவு பழையது என்று தேடிப் படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. 1824-ல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்காக இதைச் செய்தார். மரக் கப்பல்களின் அடியில் போர்த்திய செம்புத் தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டே போனது. அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால் செம்பு தப்பிக்கிறது என்று கண்டுபிடித்தார். செம்பும் தப்பித்தது. ஆனால் செம்பு கரையக் கரையத்தான் அதன் விஷம் கடற்பாசியையும் சிப்பிகளையும் ஒட்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் கப்பலடியில் அவை மண்டி, வேகம் குறைந்துவிட்டது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. பின்னால் இரும்புக் கப்பல்கள் வந்தபோது அதே யோசனை வேரூன்றியது. இன்றும் கப்பலடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். வீட்டு இரும்பு வாளிக்குப் பூசும் துத்தநாகமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

காந்திபுரம் பக்கம் உதிரிபாகக் கடையில் கம்பி கிடைத்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதையெல்லாம் யாருங்க கேட்டு வாங்கறாங்க? டேங்க் ஓட்டையான பொறவுதான் வருவாங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு வருத்தமாகவே இருந்தது. சில நூறு ரூபாய்க் கம்பி இது. கடினமான தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வருடம் ஒருமுறையாவது பார்க்கவேண்டியது. வாங்கும்போது மரையின் அளவும் நீளமும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கம்பியையே கையில் எடுத்துப்போவது நல்லது.

காயில் மேல் இருந்த உப்புக்குச் சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் புரியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் அளவுக்குக் கரைத்து, காயிலை மட்டும் மூழ்கும்படி வைத்தால் நுரைக்கத் தொடங்கும். உப்பில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடாகக் குமிழ்விட்டுக் கரைகிறது. சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்க வைக்கக்கூடாது. இதில் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூடான நீரில் இன்னும் குறைவாகத்தான் கரையும், வெள்ளையாகத் திரும்பப் படிந்துவிடும். நுரை அடங்கியதும் கரைசலை மாற்றி இன்னொருமுறை ஊறவிட்டால் பெரும்பாலும் கையாலேயே உதிர்ந்துவிடுகிறது.

நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ வைத்திருக்கும் ஆசிட்டை இதற்குத் தொடவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்போடு சேர்த்து உலோகத்தையும் அரிக்கும், குழாயின் குரோம் பூச்சையும் கெடுக்கும். சிட்ரிக் ஆசிட் அவ்வளவு முரடில்லை. ஆனாலும் அலுமினியத்திலும் மார்பிள் தரையிலும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பிளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட்டும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இப்போது ஷவர் தலை, குழாய்முனை வலை, வாஷிங் மெஷின் உள்டிரம் எல்லாவற்றுக்கும் வீட்டில் இதுதான் ஓடுகிறது.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் காட்டும் எண்ணைத் தண்ணீரின் கடினத்தன்மை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும். சாதாரண உப்பும் கடத்தும், கால்சியமும் கடத்தும். காயிலில் படிவது கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. இதைத் தனியாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல அடையாளம்தான்.

திரும்ப மாட்டும்போது தகட்டுக்கு அடியில் புது ரப்பர் கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அப்புறம் வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை டேங்கை நிரப்பி, ஒழுகவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கரண்ட். காலி டேங்கில் காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் சற்று நேரத்திலேயே கருகிவிடும். டேங்க் உடலுக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பீப் சத்தம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கீசரைத் தொட்டவர் இதைச் செய்யாமல் எழுந்திருக்கவே கூடாது என்பேன். கடகட சத்தம் நின்றுவிட்டது.

அடுத்தது ஃபேன். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் பெரும்பாலும் காரணம் கண்டன்சர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அது ஏன் அப்படிப் பலவீனமாகிறது என்பதுதான் எனக்குப் புதிது. சாதா சீலிங் ஃபேனில் இரண்டு வைண்டிங், அதாவது கம்பிச் சுற்றுகள். ஒன்றுக்கு நேராகவும் இன்னொன்றுக்குக் கண்டன்சர் வழியாகவும் கரண்ட் போகிறது. கண்டன்சர் அந்தக் கரண்ட்டின் அலையைச் சற்று முன்னால் தள்ளிவிடுவதால்தான் காந்தப்புலம் சுழல்கிறது, ஃபேன் ஒரு திசையில் சுற்றுகிறது. உள்ளே இருப்பது பாலிப்ரொப்பிலீன் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது படலத்தில் எங்காவது ஊசிமுனை அளவுக்குத் துளைபட்டால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் அந்தக் கணமே ஆவியாகி, துளை தனிமைப்பட்டுவிடும். ஷார்ட் ஆகாமல் கண்டன்சர் தொடர்ந்து வேலை செய்யும். ஒவ்வொருமுறையும் துளியளவு பரப்பை இழக்கிறது, கொள்ளளவு குறைகிறது. காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு, ஆறும்போதெல்லாம் கொஞ்சம் இளைத்துப்போகும் பாகம் இது. இதைப் படித்த அன்று ஃபேனையே வேறு கண்ணோடு பார்த்தேன்.

எங்கள் ஹால் ஃபேனில் போட்டிருந்தது 2.5 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவு அலகு), 440 வோல்ட். மீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.6 காட்டியது. பொதுவாகக் கூடக் குறைய 5 சதவீதம்தான் அனுமதி. புதியது நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. கழற்றும் முன் எம்.சி.பி.யை இறக்கி, கண்டன்சரின் இரு முனைகளையும் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிடவேண்டும். மாட்டியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது.

சிலர் வேகம் கூடட்டும் என்று 2.5 இருந்த இடத்தில் 3.15 போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாவது வைண்டிங்கில் கணக்குக்கு மேல் கரண்ட் ஓடும், ஃபேன் சூடாகும், கோடையில் இரவெல்லாம் ஓடவேண்டிய ஃபேனின் வைண்டிங் கருகும். ஃபேன் உடலில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். கண்டன்சரை மாற்றிய பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைப் பார்க்கவேண்டும். பேரிங் மேலேயே எண் வெட்டியிருக்கும். சீலிங் ஃபேன்களில் 6202 அடிக்கடி வரும். 15 மில்லிமீட்டர் உள்விட்டம், 35 வெளிவிட்டம், 11 தடிமன். அந்த எண் உலகம் முழுக்க ஒரே அளவைத்தான் குறிக்கும் என்பதும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எந்த ஊர்ப் பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் போதும்.

படுக்கையறையில் பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் காந்த மோட்டார் ஃபேன், போட்டிருக்கிறோம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் முடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க ஓடும் அறைக்கு அதுதான் சரி. ஆனால் அதில் பழுது வந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைத்தான் மாற்றவேண்டும், அதுவும் அந்தக் கம்பெனியின் போர்டாகவே இருக்கவேண்டும். எப்போதாவது ஓடும் அறையில் பழைய ஃபேனே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மிக்ஸியில் இந்தத் தேயும் பாகங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் பல்சக்கரம் மாதிரி உட்காரும் கப்ளர் ஒன்று. ஜாரில் கல்லோ காய்ந்த மஞ்சளோ சிக்கி பிளேடு நின்றுவிட்டால், மோட்டாரின் முழு வேகமும் வந்து மோதும் இடம் அது. ரப்பரிலோ நைலானிலோ செய்திருப்பதால் அது பிய்ந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஜார் ஆடுகிறது, கர்ரென்று சத்தம் வருகிறது, மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றவில்லை என்றால் முதலில் கப்ளரைப் பாருங்கள்.

கழற்றுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுற்றச் சுற்றத் தானே இறுகும்படி அதன் மரையை வைத்திருக்கிறார்கள். மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் கப்ளரைத் திருப்பினால்தான் கழலும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிமூடியைத் திறந்து, கீழே ஷாஃப்ட் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே துணி சுற்றித் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். எதிர்த்திசையில் பலம்போட்டால் இன்னும் இறுகும்.

இன்னொன்று கார்பன். மிக்ஸி மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொண்டுபோக, செம்புப் பட்டைகள் மேல் இரண்டு கார்பன் கட்டிகள் உரசிக்கொண்டே இருக்கும். செம்பைவிடச் சீக்கிரம் தேயட்டும் என்றுதான் கிராஃபைட்டில் செய்கிறார்கள். தேயும்போது செம்பின் மேல் மெல்லிய படலம் பூசி உரசலையும் குறைக்கும். நீளம் மிகக் குறைந்துவிட்டால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல் நீலத் தீப்பொறி கிளம்பும், கருகல் வாடை வரும். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் செம்புப் பட்டை குழிவிழும், ஆர்மேச்சர் என்ற அந்தச் சுழலும் பாகமே போய்விடும். கார்பனை எப்போதும் ஜோடியாக மாற்றவேண்டும். சோதிக்க மட்டும் எடுத்தவர்கள், எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்கவேண்டும். அதன் முகம் செம்பின் வளைவுக்கேற்பத் தேய்ந்து படிந்திருக்கும்.

திடீரென்று நின்றுபோன மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிப்போகும் முன் அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சுமை கூடினால் அது தானே கரண்ட்டை வெட்டிவிடும். சற்று ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும்.

குக்கரின் சேஃப்டி வால்வும் இந்தக் குடும்பம்தான். வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சுமார் ஒரு மடங்கு கூடும். தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி அளவில் கொதிக்கும். நீராவி போகும் வழி அடைத்துக்கொண்டு சூடு எல்லை மீறினால், வால்வுக்குள் இருக்கும் சீக்கிரம் உருகும் உலோகக் கலவை உருகி வழிவிடும். ஒருமுறை உருகியதை அடைத்துச் சரிசெய்வதை நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே கம்பெனியின் புது வால்வு மட்டும்தான். கேஸ்கட்டும் அப்படியே, ஓரத்தில் ஆவி கசியத் தொடங்கினால் மாவு பூசி ஓட்டாமல் மாற்றிவிடவேண்டும்.

கருவிகளில் பிடித்தது இரண்டு. ஜப்பான் வழிவந்த பைக்குகளில் கூட்டல்குறி ஸ்க்ரூ பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் இருக்கும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அதுதான். நாம் வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவர் 1930-களில் அமெரிக்காவில் பரவிய ஃபிலிப்ஸ் வடிவம். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் உள்மூலையின் வளைவு வேறு. பலம்போட்டால் நழுவி மேலேறி, ஸ்க்ரூ தலையை வழித்துவிடும். ஜே.ஐ.எஸ். முனை கொண்ட டிரைவர் ஒன்று வாங்கிய பிறகு பிரேக் ஆயில் டப்பா மூடி முதல் கார்புரேட்டர் கிண்ணம் வரை தலை கெடாமல் கழல்கின்றன.

இன்னொன்று, வயர்களைச் சேர்க்கும் லீவர் கனெக்டர். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் நம் வெயிலுக்குப் பசை இளகி, சில வருடங்களில் டேப் விலகிவிடுகிறது. இதில் வயர் முனையைச் சீவி உள்ளே விட்டு, லீவரை மடக்கினால் முடிந்தது. உள்ளே போனது கண்ணாடிபோல் தெரியும் உடலில் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம். ஃபேன் கூம்புக்குள் இதுதான் இப்போது.

ஒவ்வொரு சாமானுக்குள்ளும் மூடியின் உட்பக்கம் ஒரு டேப் ஒட்டி, மாற்றிய பாகத்தின் எண், அளவு, மாற்றிய மாதம் எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை கடைக்குப் போகும் முன் எதையும் கழற்றவேண்டியதில்லை. நான் இல்லாதபோது வரும் மெக்கானிக்குக்கும் உதவும்.

இனி கிரைண்டர். 1955-ல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கிய ஊர் இது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்களுடையதில் பெல்ட் வழுக்குகிறது, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன், இந்த வாரம் மாற்றிவிடலாம். குழவிக்கல்லும் வழவழவென்று ஆகிவிட்டது, உளுந்து பொங்கிவர முன்பைவிட நேரமாகிறது. அதற்குக் கல் கொத்தத் தெரிந்த கை வேண்டும். வைண்டிங் கடை அண்ணன் உக்கடம் பக்கம் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கல்லை எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் கொத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கேட்டிருக்கிறேன்.